ஒரு மில்லியன் டாலர் லயபிலிட்டி பாலிசி போதுமா? நீர், தீ சேதச் சீரமைப்புக் கான்ட்ராக்டர்களுக்கு வேண்டிய காப்பீடு

கேள்வி இது: அமெரிக்காவில் தண்ணீர் புகுந்த, தீப்பிடித்த, பூஞ்சை படர்ந்த கட்டடங்களைச் சீரமைக்கும் ரெஸ்டொரேஷன் நிறுவனம் ஒன்று தொடங்கப்படுகிறது. மற்றவருக்கு நேரும் உடல் பாதிப்பு, பொருள் சேதம் ஆகியவற்றின் பொறுப்பை ஏற்கும் ஜெனரல் லயபிலிட்டி பாலிசி ஒரு மில்லியன் டாலருக்கு எடுத்தாயிற்று, அதைக் காட்டும் சர்டிபிகேட்டும் கையில் இருக்கிறது. சீரமைப்பு வேலைகளைப் பிரித்துக் கொடுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் ப்ரோக்ராம்களும், அடுக்குமாடி வீட்டு உரிமையாளர்களின் காண்டோ சங்கங்களும் கேட்பதற்கு இது போதுமா?

தொகை பெரும்பாலும் போதும். பாலிசிதான் போதாது. ஒரு சம்பவத்துக்கு ஒரு மில்லியன், ஆண்டு மொத்தம் இரண்டு மில்லியன் என்பது ஒப்பந்தங்களில் வழக்கமாகக் கேட்கப்படும் அளவு. ஆனால் சாதாரணக் கட்டட கான்ட்ராக்டருக்காக எழுதப்பட்ட ஜெனரல் லயபிலிட்டி பாலிசி, ரெஸ்டொரேஷன்காரர் அன்றாடம் கையாளும் மூன்று விஷயங்களையே விலக்கி வைக்கிறது: பூஞ்சையும் பாக்டீரியாவும், மாசு, வாடிக்கையாளரின் உடைமைகள். அதனால் முதல் பக்கத்துத் தொகையைவிட, பின்னால் இணைத்திருக்கும் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியை மாற்றும் இணைப்புப் படிவங்களின் பட்டியல்தான் முக்கியம். சர்டிபிகேட்டில் அந்தப் பட்டியல் வராது. எல்லாப் படிவங்களையும் பட்டியலிடும் பாலிசியின் ஃபார்ம் ஷெட்யூலை ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பட்டியலில் முதலில் தேட வேண்டிய எண் சிஜி 21 67. அமெரிக்கக் காப்பீட்டுத் துறைக்குப் பொதுப் படிவங்கள் எழுதும் ஐ.எஸ்.ஓ. (இன்ஷூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ்) வெளியிட்ட பூஞ்சை, பாக்டீரியா விலக்கு அது. கட்டடத்துக்குள் பூஞ்சையோ பாக்டீரியாவோ இருந்ததால் வந்த உடல் பாதிப்பு, பொருள் சேதம், அதைச் சுத்தப்படுத்தும் செலவு எல்லாமே அதில் வெளியே போய்விடும். சேதத்துக்கு வேறு காரணமும் சேர்ந்திருந்தது என்று வாதாடவும் இடம் கிடையாது. பெயரில் பூஞ்சை முன்னால் நிற்பதால் பலரும் "நாங்கள் பூஞ்சை வேலை எடுப்பதில்லை, தண்ணீர் உறிஞ்சி உலர்த்துவதோடு சரி" என்று இதைக் கண்டுகொள்வதில்லை. தடுக்கிவிடுவது 'பாக்டீரியா' என்ற சொல். சுத்தம், சீரமைப்புத் தொழிலுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான ஐ.ஐ.சி.ஆர்.சி.யின் எஸ்500 தரநிலை தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது. கழிவுநீர் மூன்றாம் வகை. டாய்லெட் அடைத்துக் கழிவுநீர் பொங்கி ஹால்வரை நிறைந்த வீட்டில் கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே எடுக்கும்போது அழுக்குநீர் பொது நடைவழியில் சொட்டி, பக்கத்து யூனிட்டுக்குள் கசிகிறது என்று வையுங்கள். அந்த யூனிட்காரர் குழந்தைக்கு நோய் வந்ததாக வழக்குப் போட்டால், இந்த எண்டார்ஸ்மென்ட் ஒட்டிய பாலிசி உங்களுக்கு வக்கீல்கூட வைத்துத் தராமல் போகலாம்.

அடுத்தது சிஜி 21 49, முழு மாசு விலக்கு. சிஜி 00 01 என்ற அடிப்படைப் படிவத்திலேயே மாசு விலக்கு உண்டு. ஆனால் கட்டடத்துக்குள் நீங்கள் கொண்டுபோன பொருளிலிருந்து கிளம்பும் வாயு, புகை போன்றவற்றுக்கு அங்கே கொஞ்சம் விதிவிலக்கு இருக்கிறது. சிஜி 21 49 சேர்ந்துவிட்டால் அந்த விதிவிலக்கும் போச்சு. கிருமிநாசினியை அளவுக்கு மேல் தெளித்து ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்தாலும், புகை நாற்றம் போக்க ஓசோன் இயந்திரம் வைத்த அறைக்குள் ஒருவர் நுழைந்துவிட்டாலும் அது மாசு சம்பந்தப்பட்ட க்ளெய்மாகத்தான் பார்க்கப்படும்.

இந்த ஓட்டையை அடைப்பது கான்ட்ராக்டர்ஸ் பொல்யூஷன் லயபிலிட்டி, தொழிலில் சி.பி.எல். என்பார்கள். ரெஸ்டொரேஷனுக்கு இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் லயபிலிட்டி, சி.பி.எல்., ப்ரொஃபஷனல் லயபிலிட்டி மூன்றையும் ஒரே பேக்கேஜாக எழுதும் கம்பெனிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே கம்பெனியிடம் இருந்தால், இது மாசா, வேலைக் கோளாறா, தவறான தொழில்முறைத் தீர்ப்பா என்று இரண்டு கம்பெனிகள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நிற்கும் நிலை வராது. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் நான் பேக்கேஜைத்தான் சொல்வேன்.

சி.பி.எல். வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பூஞ்சை சேர்த்திருக்கிறதா, முழுத் தொகைக்கா அல்லது துணை வரம்போடா? முதல் பக்கத்தில் ஒரு மில்லியன் என்று போட்டுவிட்டு, பூஞ்சைக்கு மட்டும் அதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கும் பாலிசிகள் உண்டு. பாக்டீரியா, கழிவுநீர் என்ற சொற்கள் மாசு வரையறைக்குள் தெளிவாக வருகின்றனவா? ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் விலக்கப்பட்டிருக்கிறதா? பழைய வீட்டில் நனைந்த ட்ரைவாலையும் (ஜிப்சம் சுவர்ப் பலகை) தரை ஓடுகளையும் பெயர்த்தெடுப்பது உங்கள் தினசரி வேலை. 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் பெயின்ட் பூசிய பரப்பை உடைத்தால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ.யின் ஈய விதிகளும் குறுக்கே வரும். அப்புறம் போக்குவரத்து: அகற்றிய மாசுபட்ட கழிவை வண்டியில் ஏற்றிப் போகும்போதும், கொட்டும் இடத்திலும் வரும் பொறுப்பு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா?

சி.பி.எல். அக்கரன்ஸ் அடிப்படையிலா, க்ளெய்ம்ஸ்-மேட் அடிப்படையிலா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதல் வகையில் சேதம் நடந்த காலத்துப் பாலிசி பொறுப்பு. இரண்டாம் வகையில் க்ளெய்ம் வந்து சேரும் காலத்துப் பாலிசி. பூஞ்சை மெதுவாக வெளிப்படும் சமாச்சாரம். மார்ச் மாதம் உலர்த்தி முடித்த சுவருக்குப் பின்னால் அடுத்த மழைக்காலத்தில்தான் நாற்றம் கிளம்பும். க்ளெய்ம்ஸ்-மேட் பாலிசியை இடையில் வேறு கம்பெனிக்கு மாற்றும்போது புதிய கம்பெனி ரெட்ரோஆக்டிவ் தேதியை (எந்த நாளிலிருந்து செய்த வேலைக்குப் பாலிசி பொறுப்பு என்ற தேதி) பாலிசி தொடங்கும் நாளுக்கு நகர்த்திவிட்டால், அதற்கு முன் செய்த வேலை அத்தனையும் அம்போ. அந்தத் தேதியை நகர்த்த விடவே கூடாது. விலையில் வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் அக்கரன்ஸ் வாங்குங்கள். இன்னொன்று: சி.பி.எல்., ப்ரொஃபஷனல் பாலிசிகளில் வழக்குச் செலவு பெரும்பாலும் வரம்புக்குள்ளிருந்தே கழியும். ஜெனரல் லயபிலிட்டியில் அது வழக்கமாக வரம்புக்கு வெளியே. ஆக, இரண்டு பாலிசியிலும் ஒரு மில்லியன் என்றே போட்டிருந்தாலும் இரண்டும் சமம் அல்ல.

சில மாநிலங்களில் பூஞ்சை வேலைக்குக் காப்பீடு சட்டப்படியே தேவை. ஃப்ளோரிடாவில் பூஞ்சை அகற்றும் உரிமம் பெற்றவர் குறைந்தது 10,00,000 டாலருக்கு ஜெனரல் லயபிலிட்டி வைத்திருக்க வேண்டும், அதில் பூஞ்சை க்ளெய்முக்கான கவரேஜ் தனியாக இருக்க வேண்டும். டெக்ஸாஸும் ஒரு சம்பவத்துக்கு ஒரு மில்லியன் கேட்கிறது. இந்த மாநிலங்களில் சிஜி 21 67 ஒட்டிய பாலிசியோடு வேலை செய்வது காப்பீட்டுப் பிரச்சினையோடு நிற்காது, உரிமத்துக்கே ஆபத்து. உரிமப் பத்திரம், அதாவது பாண்ட், வேறு விஷயம். கலிஃபோர்னியாவில் கான்ட்ராக்டர் பாண்ட் 2023 முதல் 25,000 டாலர். அது காப்பீடு அல்ல. பாண்ட் கம்பெனி கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்கும்.

இனி வாடிக்கையாளரின் பொருள்கள். சிஜி 00 01-இன் 'ஜே' விலக்கை ஒருமுறையாவது வரிவரியாகப் படியுங்கள். உங்கள் கவனிப்பிலும் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் அசையும் பொருளுக்கு ஏற்படும் சேதம் அதில் கிடையாது. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் கட்டடப் பகுதிக்கே வரும் சேதமும் கிடையாது. நனைந்த சமையலறை அலமாரியைக் கழற்றும்போது அதன் மேல் இருந்த கிரானைட் பலகை விரிசல் விட்டால், அது நீங்கள் வேலை செய்த 'அந்தக் குறிப்பிட்ட பகுதி' என்று கம்பெனி மறுக்கும். அதே வேலையில் தண்ணீர்க் குழாய் உடைந்து கீழ்த்தளத்துக்காரர் வீட்டுக் கூரை ஊறிப்போனால் அதற்குக் கொடுக்கும். ஆக, இந்தப் பாலிசி உங்கள் கை பட்ட இடத்துக்கு வெளியே போன சேதத்துக்குத்தான்.

தீ விபத்துக்குப் பிறகு வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டி, உங்கள் கிடங்கில் வைத்து, புகை நீக்கித் திருப்பித் தரும் பேக்-அவுட் வேலை செய்தால், உங்களிடம் ஒப்படைத்த பிறர் பொருளுக்கான பெய்லீ கவரேஜ் வேண்டும். இதில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, உங்கள் கவனக்குறைவு நிரூபணமானால் மட்டும் தரும் சட்டப் பொறுப்பு வகை. மற்றது, யார் தவறாக இருந்தாலும் தரும் நேரடிச் சேத வகை. பக்கத்துக் கட்டடத்தில் பிடித்த தீ உங்கள் கிடங்குக்குப் பரவினால் முதல் வகையில் வாடிக்கையாளருக்கு ஒன்றும் கிடைக்காது. அவரிடம் போய் "என் மேல் தவறில்லை" என்று சொல்லிவிட்டு அதே ப்ரோக்ராமில் தொடர்ந்து வேலை வாங்க முடியாது. நேரடி வகையே எடுங்கள். வரம்பைக் கணக்கிடும்போது ஒரு வீட்டுச் சாமானை வைத்துக் கணக்கிடாதீர்கள். கிடங்கு நிறைந்திருக்கும் மாதத்தில் மொத்தம் எத்தனை வீட்டுப் பொருள் இருக்கும் என்று பாருங்கள். கிடங்கு முகவரி பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இடம் போதாமல் வாடகைக்கு எடுத்த கன்டெய்னர் அந்தப் பட்டியலில் இல்லாததால் மறுக்கப்படும் க்ளெய்ம் சகஜம். வண்டியில் போகும்போது தனி வரம்பு இருக்கும். நகை, ரொக்கம், ஓவியம் போன்றவை விலக்கப்பட்டோ சிறு தொகைக்குக் கட்டுப்படுத்தப்பட்டோ இருக்கும். அவற்றைப் பெட்டியில் கட்டாமல் உரிமையாளரிடமே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

உங்கள் சொந்தக் கருவிகளுக்கு இன்லண்ட் மரைன் பாலிசி. பெயரில் கடல் இருந்தாலும் இது இடம் மாறும் பொருள்களுக்கானது. டீஹியூமிடிஃபையரும் ஏர் மூவரும் பூட்டிய, ஆளில்லாத வீட்டில் நாள்கணக்கில் ஓடுகின்றன. எனவே ஆளில்லாத இடத்தில் திருட்டு, காரணம் தெரியாத மறைவு ஆகிய விலக்குகளைப் படியுங்கள். புயல் சமயத்தில் வாடகைக்கு எடுக்கும் கருவிகளுக்கும் அது நீள வேண்டும்.

வேலையில் காயப்படும் ஊழியருக்கான வொர்க்கர்ஸ் காம்பென்சேஷன் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸாஸில் தனியார் முதலாளிக்கு அது கட்டாயமில்லை, ஆனால் ப்ரோக்ராம்கள் கட்டாயமாக்குகின்றன. ஒஹையோ, வாஷிங்டன், வையோமிங், நார்த் டகோட்டா நான்கிலும் மாநில நிதியிலிருந்துதான் வாங்க வேண்டும். தனியார் கம்பெனி விற்க முடியாது. அங்கே, காயப்பட்ட ஊழியர் முதலாளி மேல் போடும் வழக்குக்கான எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி பகுதியைத் தனியாக 'ஸ்டாப் கேப்' எண்டார்ஸ்மென்ட்டாக எடுக்க வேண்டியிருக்கும். எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டியின் அடிப்படை வரம்பு 1,00,000 / 5,00,000 / 1,00,000 டாலர்: முறையே ஒரு விபத்துக்கு, தொழில்நோய்க்குப் பாலிசி மொத்தம், தொழில்நோய்க்கு ஓர் ஊழியருக்கு. ஒப்பந்தங்கள் மூன்று இடத்திலும் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும், சில ஒரு மில்லியன்வரை போகும். கூட்டுவதற்குச் செலவு குறைவு.

புயலைத் துரத்திப் பக்கத்து மாநிலத்துக்குப் போகிறவர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. வொர்க்கர்ஸ் காம்ப் பாலிசியின் தகவல் பக்கத்தில் 3ஏ, 3சி என்று இரண்டு வரிகள் இருக்கும். 3ஏ நீங்கள் வேலை செய்யும் மாநிலங்கள். 3சி பிற்பாடு போகக்கூடியவை. பாலிசி தொடங்கும் நாளிலேயே வேறு மாநிலத்தில் உங்களுக்கு வேலை நடந்துகொண்டிருந்து, அது 3ஏ-யில் இல்லாமல், 30 நாளுக்குள் கம்பெனிக்குச் சொல்லாமலும் விட்டால், அந்த மாநிலத்துக்கு 3சி உதவாது. ஜனவரி 1-இல் பாலிசி புதுப்பிக்கப்படும்போது சென்ற இலையுதிர்காலப் புயல் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கதை இதுதான். புது மாநிலத்தில் கால் வைக்கும் முன் ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தற்காலிக ஆட்களை ஏஜென்சி மூலம் எடுத்தால் அவர்களின் பாலிசியில் உங்களை மாற்று முதலாளியாகச் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

வண்டிக்கு, உடல் பாதிப்பையும் பொருள் சேதத்தையும் சேர்த்து ஒரு மில்லியன் ஒருங்கிணைந்த வரம்பு வழக்கம். எந்த வண்டிக்குக் கவரேஜ் என்பதை வண்டிப் பாலிசியில் ஓர் எண் குறிக்கும்: 1 என்று இருந்தால் எந்த வண்டிக்கும் பொருந்தும். 7 என்று மட்டும் இருந்தால் பட்டியலில் எழுதிய வண்டிக்கே. அப்படியானால் வாடகை வண்டிக்கு 8, ஊழியரின் சொந்த வண்டிக்கு 9 இரண்டும் வேண்டும். இரவு அவசர அழைப்புக்கு டெக்னீஷியன் தன் காரில்தானே ஓடுகிறார். மற்றப் பாலிசிகளின் வரம்புக்கு மேல் கூடுதல் வரம்பு தரும் அம்ப்ரெல்லா பாலிசி எடுத்தால், அது சி.பி.எல்.லுக்கு மேலும் விரிகிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் விரியாது.

தண்ணீர் எங்கெங்கே பரவியிருக்கிறது, எதைப் பெயர்க்க வேண்டும், எப்போது உலர்ந்துவிட்டது என்று நீங்கள் சொல்லும் தீர்ப்பே ஒரு தொழில்முறைச் சேவை. ஈரமானி அளவீடு தவறி, சுவர் உலர்ந்துவிட்டது என்று கருவிகளை எடுத்துவந்த பிறகு வரும் க்ளெய்முக்காகத்தான் ப்ரொஃபஷனல் லயபிலிட்டி. ஜெனரல் லயபிலிட்டியில் ப்ரொஃபஷனல் சேவை விலக்கு ஒட்டியிருந்தால் இது இன்னும் அவசியம்.

சர்டிபிகேட்டுக்கு வருவோம். அகார்ட் 25 என்ற அந்த ஒற்றைப் பக்கத்தின் மேலேயே எழுதியிருக்கிறது, இது தகவலுக்காக மட்டும், வைத்திருப்பவருக்கு எந்த உரிமையும் தராது என்று. பாலிசி ரத்தானால் 30 நாள் முன்னறிவிப்பு தருவோம் என்ற பழைய வாசகமும் இப்போதைய படிவத்தில் கிடையாது. பாலிசியில் சொல்லியபடி என்றுதான் இருக்கிறது. வாடிக்கையாளர் 30 நாள் கேட்டால் அதற்குத் தனி எண்டார்ஸ்மென்ட் வேண்டும். சர்டிபிகேட் பெட்டியில் ஏஜென்ட் தட்டச்சு செய்து கொடுப்பதால் பாலிசி மாறிவிடாது.

வாடிக்கையாளர் தன்னையும் உங்கள் பாலிசியில் பாதுகாப்புப் பெறுபவராக, அதாவது அடிஷனல் இன்ஷூர்டாகச் சேர்க்கச் சொன்னால் இரண்டு எண்கள் சேர்ந்தே வர வேண்டும்: வேலை நடக்கும் காலத்துக்கு சிஜி 20 10, முடிந்த பிறகு சிஜி 20 37. முதலாவது மட்டும் இருந்தால் நீங்கள் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பியதோடு வாடிக்கையாளரின் பாதுகாப்பு முடிந்தது. ஒப்பந்தம் இருந்தால் தானாகச் சேரும் வகை சிஜி 20 33. அது உங்களோடு நேரடி எழுத்து ஒப்பந்தம் செய்தவருக்கே பொருந்தும். இங்கேதான் ரெஸ்டொரேஷனுக்கே உரிய சிக்கல். அதிகாலை இரண்டு மணிக்குக் குழாய் வெடித்த அலுவலகத்தில், கையெழுத்துப் போடுவது இரவுக் காவலாளியாக இருப்பார், அல்லது யாரும் போட மாட்டார்கள். ஒப்பந்தம் சேதத்துக்கு முன் கையெழுத்தாகியிருக்க வேண்டும் என்பது இந்த எண்டார்ஸ்மென்ட்டுகளின் வழக்கமான நிபந்தனை. எனவே வணிகக் கட்டடங்களோடு அமைதியான நாளிலேயே பொது சேவை ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். அதே ஒப்பந்தங்கள் உங்கள் பாலிசியே முதலில் தர வேண்டும் என்று சிஜி 20 01-ஐயும், உங்கள் கம்பெனி கொடுத்த பணத்தைக் கேட்டு அவர்கள் மேல் திரும்பக் கூடாது என்று சிஜி 24 04-ஐயும், வேலைக்கு வேலை தனி மொத்த வரம்பு வேண்டுமென்று சிஜி 25 03-ஐயும் கேட்கும். எல்லாம் எளிதில் கிடைப்பவை. பட்டியலில் சிஜி 21 39 இருந்தால் மட்டும் நில்லுங்கள். ஒப்பந்தத்தில் நீங்கள் மற்றவர் பொறுப்பையும் ஏற்பதாகச் சொல்வதற்குப் பாலிசி தரும் பாதுகாப்பை அது வெட்டிவிடுகிறது. கையெழுத்து உங்களுடையது, பணமும் உங்களுடையது என்றாகிவிடும்.

இவை தவிர, கூரைக்குத் தார்ப்பாய் போடுகிறவர்கள் 'திறந்த கூரை' நிபந்தனையையும் (கூரை திறந்திருக்கும்போது மழைநீர் புகுவது பற்றியது), காண்டோ வேலை எடுப்பவர்கள் குடியிருப்பு விலக்கையும் தேட வேண்டும். சிஜி 21 44 இருந்தால் அதில் எழுதிய வேலை விவரத்துக்கு வெளியே எதற்கும் கவரேஜ் இல்லை. விண்ணப்பத்தில் 'கார்ப்பெட் சுத்தம்' என்று எழுதிப் பிரீமியத்தைக் குறைத்தவர் தீ சேத வீட்டை இடிக்கும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சப்-கான்ட்ராக்டர்கள் இல்லாமல் மறுகட்டுமானம் நடக்காது. நீங்கள் முடித்த வேலைக்கே பின்னால் வரும் சேதத்தை ஜெனரல் லயபிலிட்டி விலக்குகிறது; அந்த விலக்கில் சப்-கான்ட்ராக்டர் செய்ததற்கு விதிவிலக்கு இருக்கிறது. சிஜி 22 94 அதை எடுத்துவிடும், வேண்டாம் என்று பேரம் பேசுங்கள். பாலிசியில் சப்-கான்ட்ராக்டர் வாரன்ட்டி, அதாவது அவர்கள் காப்பீடு பற்றிய நிபந்தனை, இருந்தால் அவர்களுக்கும் உங்கள் அளவு வரம்பு, உங்களை அடிஷனல் இன்ஷூர்டாகச் சேர்த்தது, எழுத்து ஒப்பந்தம் மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சில பாலிசிகள் க்ளெய்மையே மறுக்கும், சில அதிக டிடக்டிபிள் (நீங்களே முதலில் கொடுக்க வேண்டிய தொகை) போடும். ஒவ்வொரு சப்-பின் சர்டிபிகேட்டையும் வேலை நடந்த தேதியோடு பொருத்திக் கோப்பில் வையுங்கள். ஆண்டு முடிவில் ஆடிட்டர் வருவார். காப்பீடு காட்டாத சப்-புக்குக் கொடுத்த பணத்தை உங்கள் ஊழியர் சம்பளம் போலக் கணக்கிட்டு வொர்க்கர்ஸ் காம்ப் பிரீமியம் போடுவார். அந்தப் பிரீமியம் 100 டாலர் சம்பளத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. தச்சு வகைக்கு விகிதம் கூடுதல், சுத்தம் செய்யும் வகைக்குக் குறைவு. ஒரே ஆள் இரண்டும் செய்தால் எந்த நாள் எத்தனை மணி எது என்று பிரித்து எழுதிய நேர அட்டை வேண்டும். இல்லாவிட்டால் முழுச் சம்பளமும் விலை கூடிய வகைக்குப் போகும். ஓவர்டைமில் ஒன்றரை மடங்கு கொடுத்தால் அந்தக் கூடுதல் அரை மடங்கைப் பெரும்பாலான மாநிலங்களில் கழித்துக்கொள்ளலாம், கணக்கில் தனியாகக் காட்டியிருந்தால் மட்டும். இரவும் வார இறுதியும் வேலை நடக்கும் இந்தத் தொழிலில் அது சின்னத் தொகை அல்ல.

ரெஸ்டொரேஷன் பாலிசிகள் பல சர்ப்ளஸ் லைன்ஸ் கம்பெனிகளிடமிருந்து, அதாவது அந்த மாநில உரிமம் பெறாமல் அனுமதியோடு மட்டும் விற்கும் கம்பெனிகளிடமிருந்து, வருபவை. கம்பெனி திவாலானால் மாநில உத்தரவாத நிதி பொதுவாக அவற்றுக்குக் கைகொடுக்காது. காப்பீட்டுக் கம்பெனிகளின் நிதி வலுவை மதிப்பிடும் ஏ.எம். பெஸ்ட் தரும் மதிப்பீடு ஏ மைனஸுக்குக் குறையாமல் பாருங்கள்; ப்ரோக்ராம்களும் இதையே கேட்பது வழக்கம்.

வாங்கும் வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் நீங்கள் கையெழுத்திடப் போகும் ஒப்பந்தங்களின் காப்பீட்டுப் பிரிவை அப்படியே ஏஜென்டுக்கு அனுப்புங்கள். பூஞ்சை, கழிவுநீர், பேக்-அவுட், இடிப்பு, கூரை என ஒவ்வொன்றும் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று உண்மையாக எழுதிக் கொடுங்கள். விலைப்புள்ளியோடு ஃபார்ம் ஷெட்யூலையும் மாதிரிப் படிவங்களையும் கேட்டு, மேலே சொன்ன எண்களைத் தேடுங்கள். ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும்" என்றால், எந்தப் பக்கத்தில் என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

பாலிசி வந்த பிறகு ஏதாவது நடந்துவிட்டால் வாடிக்கையாளரிடம் "நான் பார்த்துக்கொள்கிறேன், செலவை நான் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனி சம்மதமில்லாமல் ஏற்ற தொகையை அது தராது. ஈரமானி அளவீடுகள், தேதியிட்ட படங்கள், பெயர்க்க வேண்டாம் என்று வாடிக்கையாளர் மறுத்ததற்கான கையெழுத்து ஆகியவற்றோடு அன்றே அறிவித்துவிடுங்கள். க்ளெய்ம்ஸ்-மேட் பாலிசி என்றால், வழக்கு வராவிட்டாலும் வரக்கூடும் என்று தோன்றும் சம்பவத்தைக்கூடப் பாலிசி காலம் முடிவதற்குள் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.